சீட்டில் இல்லாத இலைகள்

அவர் தன் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு நாலடி முன்னால். தள்ளுவண்டியை நிறுத்தச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று அவர் குனிந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பது ஆளா தூணா என்று அவளுக்குத் தெரியாது. அதனால் நர்ஸைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, ஜன்னலோரம் இருக்கிறதைத் தொடாதீங்க. விட்ட இடத்துலயே இருக்கட்டும்."

நர்ஸ் நல்ல பெண். "செடிங்களாம்மா? கவலைப்படாதீங்க, சார் தண்ணி ஊத்திப் பாத்துப்பாரு."

"தண்ணியா? ஐயோ, இவரு ஊத்தினாலும் ஊத்துவாரு!"

கதவு மூடிக்கொண்டது.

ஜன்னலோரம் இருந்தது செடி இல்லை, கம்ப்யூட்டர். அது அவருடையதாக இருந்து அவளுடையதாக ஆனதற்கு ஒரு கதை உண்டு. நடந்தது அதற்கு ஒன்பது வருஷம் முன்னால். அந்தக் கதையில் அவர் நேர்மையாக நடந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. புத்திசாலியாக நடந்துகொண்டார் என்று சொல்லவே முடியாது.

அவர் லிப்ட் சோதிக்கிற உத்தியோகம் பார்த்தார். கட்டடம் கட்டடமாகப் போய், லிப்டின் தலைமேல் ஏறி நின்று, கம்பிவடத்தைத் தடவிப் பார்த்து, பிரேக்கைத் தட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு சீட்டு எழுதுவார். 'சோதிக்கப்பட்டது. நன்று.' தேதி, கெடு, கையெழுத்து. அந்தச் சீட்டை லிப்டுக்குள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டால் ஒரு வருஷத்துக்கு யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது. கெடு முடியும் முன் ஒருவன் லிப்டைத் திறந்து பார்த்தால் அது லிப்டைச் சந்தேகப்பட்டதாகாது, அவரைச் சந்தேகப்பட்டதாகும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வெந்நீர்க் குழாயில் ஒரு சீட்டு. இஸ்திரிப்பெட்டியில் ஒரு சீட்டு. ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவில் 'ஆட்டம் நீக்கப்பட்டது' என்று ஒரு சீட்டு. கதவு திறக்கும்போதெல்லாம் சீட்டும் சேர்ந்து ஆடும்.

"எனக்கு மட்டும் ஏங்க சீட்டு இல்ல?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"உன்னைச் சோதிக்கிற தைரியம் எனக்கு இல்ல."

"அந்த மட்டும் புத்தி இருக்கே, போதும்."

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் இருக்கிற எழுத்தை மேலிருந்து கீழே வாசிக்கச் சொல்வாள். அவளுக்கு எதுவும் துல்லியமாகத் தெரிய வேண்டும். மங்கலாக ஒன்றைப் பார்த்தால் தலைவலி வந்துவிடும். புதன்கிழமை கடைக்கு விடுமுறை. வீட்டில் தனியாக இருப்பாள். என்ன செய்வாள் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் வெளிச்சமான இடம் ஒன்றே ஒன்றுதான். முன்னறை ஜன்னலோரம். அங்கே அவருடைய மேஜை, அதன்மேல் அந்தக் கம்ப்யூட்டர். பொத்தானை அழுத்தினால் முதலில் பெருமூச்சு விடும். பிறகு தொண்டையைச் செருமும். பிறகு உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தத்தில் அடுத்த அறையில் பேசுகிறவர்கள் குரலை உயர்த்துவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவர் அதில் லாரி ஓட்டுவார். விளையாட்டுதான். மலைப்பாதை, பாலம், சுரங்கவழி, துறைமுகம். பாரம் ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். நாள் முழுக்க மேலும் கீழும் மட்டும் போய்வருகிற மனிதருக்கு நேராகப் போவதில் ஒரு சுகம் இருந்தது.

பழைய மெஷின் மூச்சுத் திணறாமல் இருக்க, விளையாட்டின் அமைப்புகளையெல்லாம் அவரே குறைத்து வைத்திருந்தார். அதற்கும் ஒரு சீட்டு, மானிட்டரின் ஓரத்தில். 'நிழல்: இல்லை. இலை: குறைவு. மழை: குறைவு. தூரம்: குறைவு. சோதிக்கப்பட்டது. நன்று.' கீழே கையெழுத்து.

வினை வந்தது மச்சினன் ரூபத்தில். மனைவியின் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான்.

"மாமா, ரோட்டோரமா வரிசையா நிக்குதே, பச்சை பெயிண்ட் டப்பா. அது எதுக்கு?"

"அது மரம்."

"மரமா! அக்கா, இங்க வந்து பாரேன், மாமா மரம்ங்கிறாரு."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நானும் மூணு தடவை சொல்லிட்டேன், உள்ள இருந்து படம் காட்டுற அந்தக் கிராபிக்ஸ் கார்டை மாத்துங்கன்னு. இலை இல்லாத மரத்தைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை வலிக்குது."

"உன்னை யாரு பாக்கச் சொன்னது? நீ இதைத் தொடவே கூடாது. போன தடவை ஈரத்துணியால துடைச்சு என்ன பண்ணினே, ஞாபகம் இருக்கா?"

"தூசி போச்சு."

"கூடவே கீபோர்டும் போச்சு!"

மச்சினன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். வலது கையை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இந்த மெஷின் தானா சாகிற வரைக்கும் இதுக்கு ஒரு திருகாணிகூடப் புதுசா வாங்க மாட்டேன். வாங்கினா இந்த ஜன்னலோர இடம் இவளுக்கு!"

"எழுதிக் குடுங்க," என்றாள் மனைவி.

"என்ன?"

"சீட்டு. எல்லாத்துக்கும் எழுதறீங்களே."

மச்சினன் முன்னால் பின்வாங்க முடியுமா? எழுதினார். 'புதிய பாகம் எதுவும் வாங்கப்படாது. வாங்கப்பட்டால் ஜன்னலோர இடம் மனைவிக்கு.' தேதி, கையெழுத்து. கெடு என்ற இடத்தில் 'ஆயுள்' என்று போட்டார். அவளே பசை தடவி ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு நாலு ஓரத்தையும் விரலால் அழுத்தித் தேய்த்தாள். அந்த அழுத்தலைப் பார்த்தாவது அவர் சுதாரித்திருக்கலாம்.

அடுத்த வியாழக்கிழமை லாரி திக்கத் தொடங்கியது.

முதல் கியர் போட்டால் வண்டி கிளம்பவில்லை. யோசித்தது. ஒரு அடி நகர்ந்தது. நின்று இன்னொரு தரம் யோசித்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அவர் ஒரு மடக்கு டீ குடித்து முடித்த பிறகு வண்டி இடப்பக்கம் திரும்பியது. அதற்குள் ரோடு வலப்பக்கம் போய்விட்டது. பாலத்திலிருந்து ஒரே வாரத்தில் ஆறு தடவை ஆற்றில் விழுந்தார். லாரியின் அடியில் கறுப்பாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது. யாரோ பின்தொடர்கிறான் என்று ஓரம் கட்டி வழிவிட்டார். அதுவும் ஓரம் கட்டியது. போகச் சொல்லி ஹாரன் அடித்தார். போகவில்லை.

மரங்கள் நிலைமை அதைவிட மோசம். நன்றாக உருண்டையாக இருந்த மரங்களெல்லாம் ஆயிரம் துண்டாக உடைந்து தொங்கின. காற்றடித்தால் துண்டுகள் தனித்தனியாக நடுங்கின. கார்டு கெட்டு உருவங்களைச் சிதறடிக்கிறது என்று அவர் தீர்மானித்தார். அமைப்புகளைத் திறந்து பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. மானிட்டரில் சீட்டு ஒட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கெடு முடிய இன்னும் எட்டு மாதம் பாக்கி.

மெஷின் செத்துவிட்டால் பிரச்சினை இல்லை. சுவரில் ஒட்டிய சீட்டிலிருந்து விடுதலை. அது சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

"என்னங்க, இன்னைக்கும் ஆத்துலயா?" என்பாள் மனைவி, அடுப்படியிலிருந்தே.

"பேசாம இரு."

"வயசாயிடுச்சு போல."

"எதுக்கு?"

"நீங்களே வெச்சுக்குங்க, எதுக்குன்னு."

மூன்றாவது வாரம் பொறுக்க முடியவில்லை. வேலைக்குப் போகிற வழியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் போய் நின்றார். அந்த ஆளுக்கு 'தூசி' என்று பெயர். எந்த மெஷினைக் கொண்டுபோனாலும் மூடியைத் திறந்து, ஊதி, "எல்லாம் தூசி சார்" என்பார். பாதி மெஷின்கள் அதிலேயே குணமாகிவிடும்.

"மரமெல்லாம் துண்டு துண்டா உடையுது," என்றார் இவர்.

"துண்டுன்னா எப்படி சார்? சின்னச் சின்னதா, பச்சையா?"

"ஆமா."

"காம்புல தொங்குதா?"

"ஆமாமா!"

"சார், அது இலை."

"இலையா? இலை குறைவுன்னு சீட்டுல எழுதியிருக்கு. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

தூசி தன் புது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அப்ப தூசிதான் சார். கார்டுக்குள்ள போயிருச்சு. மாத்திருங்க." மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். மேலே ஏற்கெனவே காகிதம் சுற்றி, கயிறும் கட்டியிருந்தது.

"நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே?"

"உங்களை மாதிரி மெஷின் வெச்சிருக்கவங்க எப்படியும் வருவாங்க சார்."

எவ்வளவு அனுபவசாலி என்று அவர் மெய்சிலிர்த்தார். தொழில் தெரிந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

கார்டு மூன்று நாள் அவருடைய கருவிப் பைக்குள், கிரீஸ் துணிக்கு அடியில் ஒளிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மனைவி கடைக்குப் போனதும் அவர் லீவு போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொல்லி எடுத்த லீவு. கதவைத் தாழ்போட்டார். திரைச்சீலையை இழுத்தார். திருடனைப் போலத் தன் வீட்டுக்குள் தானே பதுங்கி நடந்தார்.

பழைய கார்டு வெளியே வர மறுத்தது. பதின்மூன்று வருஷம் உட்கார்ந்த இடம். ஒரு பக்கம் அசைத்து, மறுபக்கம் அசைத்து, கெஞ்சி, திட்டிப் பிடுங்கினார். புதிய கார்டு உள்ளே போக மறுத்தது. பழையதைவிட நாலு விரல்கடை நீளம். குறுக்கே ஒரு தகரக் கூண்டு. பத்து மாடி லிப்டை இறக்கிப் பிரித்தவர் ஒரு தகரத்துக்கா பயப்படுவார்? கூண்டைக் கழற்றினார். அதற்குள் இருந்த டிஸ்க்கை லிப்ட் வடத்துக்குப் போடுகிற முடிச்சுப் போட்டு ஓரமாகத் தொங்கவிட்டார். கார்டு உட்கார்ந்தது. மூடி மூடவில்லை. முழங்காலால் அழுத்திக்கொண்டு, வாயில் ஒரு திருகாணியும் கையில் ஒரு திருகாணியுமாக நின்ற நேரத்தில் போன் அடித்தது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"லிஃப்ஃ..." திருகாணியைத் துப்பினார். "லிப்ட் மேல."

"எத்தனாவது மாடி?"

"ஆறு. ஏழு. நடுவுல."

"என்னமோ நம்ம வீட்டுக் கடிகாரம் அடிக்கிற மாதிரி கேக்குது?"

கடிகாரம் பதினொன்று அடித்துத் தொலைத்தது. பதினொன்றையும் அடித்து முடிக்கும்வரை இருவரும் எண்ணினார்கள்.

"இங்கயும் ஒண்ணு இருக்கு," என்றார். "அதே கம்பெனி."

"ஓ. அதுக்கில்லைங்க. மழை வர மாதிரி இருக்கு. மாடியில துணி காயுது. வீட்டுல யாராவது இருந்தா எடுத்து உள்ள போடுவாங்க. நீங்க பாவம், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல இருக்கீங்க. சரி, நனையட்டும்."

போனை வைத்துவிட்டாள். தூறல் விழுந்தது. அவர் பாய்ந்து மாடிக்கு ஓடி, துணியை அள்ளிக்கொண்டு பாதிப் படி இறங்கியவர், அப்படியே நின்றார். துணி காய்ந்திருந்தால்? 'யார் எடுத்தது?' என்று கேட்பாள். திரும்ப மேலே ஏறினார். கொட்டுகிற மழையில் நின்று, அவருடைய சட்டை நாலு, அவளுடைய புடவை மூன்று, படுக்கை விரிப்பு இரண்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டு, காற்றில் பறக்காமல் கிளிப்பும் மாட்டினார். நன்றாக நனைகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு தானும் சொட்டச் சொட்டக் கீழே வந்தார்.

ஆனால் பொத்தானை அழுத்தியபோது எல்லாம் மறந்துபோயிற்று. மெஷின் பெருமூச்சு விடவில்லை. தொண்டையைச் செருமவில்லை. லாரி வெண்ணெயில் இறங்கின கத்தி மாதிரி கிளம்பியது. மலைப்பாதையில் வெயில் அடித்தது. உடைந்த துண்டுகள் எல்லாம் ஒன்றாக அசைந்தன. அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். காம்பு. நரம்பு. ஓரத்தில் பழுப்பு.

இலை.

சீட்டைப் பார்த்தார். 'இலை: குறைவு.' குறைவில் வைத்தே இவ்வளவு இலை என்றால், ஆகா, கார்டு என்றால் இதுதான் கார்டு! தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார். கை எட்டவில்லை.

சாயங்காலம் மனைவி வந்தாள். நனைந்த துணி மூட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏங்க, துணியெல்லாம் நனைஞ்சு போச்சு."

"அடடா. மழை."

"காலையில நான் நீலக் கிளிப் என் புடவைக்கும், மஞ்சக் கிளிப் உங்க சட்டைக்கும் போட்டேன். இப்ப எல்லாம் மாறிக் கிடக்கு. மழை கிளிப்பும் மாட்டுமா?"

"காத்து பலமா இருந்துச்சு."

"காத்து," என்று தலையாட்டினாள். துணியைக் கீழே வைத்தாள். ஜன்னலோரம் வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று, கடையில் வருகிறவர்களின் கண்ணைப் பார்ப்பது மாதிரி திரையைப் பார்த்தாள். "இலை தெரியுதே."

"துடைச்சேன். உள்ள ஒரே தூசி."

"தூசியா?"

"தூசிதான்."

"அப்படியா. அதுல 'அமைப்புகள்'னு ஒண்ணு இருக்கே, அதைத் திறங்க."

"கெடு முடியலையே?"

"திறங்கங்கிறேன். ம். இடது கண்ணை மூடிக்குங்க. மேல இருந்து கீழ வாசிங்க."

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை தானாகப் போய் இடது கண்ணை மூடியது. வாசித்தார். "நிழல்: உச்சம். இலை: உச்சம். மழை: உச்சம். தூரம்..." குரல் இறங்கியது. "உச்சம்."

"கண்ணு நல்லா இருக்கு. இப்ப சீட்டை வாசிங்க."

"குறைவு. குறைவு. குறை... யாரு மாத்தினது?"

"உங்க தம்பியும் இல்ல, என் தம்பியும் இல்ல. கொஞ்சம் தள்ளுங்க." மவுஸைப் பிடித்தாள். ஓட்டுநர் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். அவர் பெயருக்கு எதிரே பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். கீழே 'புதன்' என்று இன்னொரு ஓட்டுநர். நாற்பத்தேழாயிரம். விபத்து: இல்லை.

அவர் அந்த 'இல்லை'யைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா நடக்குது?"

"ஆறு வருஷமா. மூடும்போது திரும்ப உங்க பேரை எடுத்து வெச்சிருவேன். குழம்பக்கூடாதுல்ல."

"அப்ப வண்டி திக்கினது, நான் ஆத்துல விழுந்தது..."

"அன்னைக்குப் புதன்கிழமை நான்தான் எல்லாத்தையும் ஏத்தி வெச்சேன். வண்டி திக்கத்தான் செய்யும்னு தூசி அண்ணன் சொன்னாரு. கண்ணாடி மாத்த நம்ம கடைக்குத்தான் வருவாரு. எந்தக் கார்டு போட்டா இலை தனித்தனியாத் தெரியும்னு கேட்டேன். எடுத்துக் கட்டி வெச்சிருந்தாரு. குடுத்தாரில்ல?"

"ஏம்மா, கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்பேனே!"

"கேட்டேனே. மூணு தடவை. தொடாதேன்னீங்க. சரி, நம்ம தொட வேணாம், அவரே தொடட்டும்னு விட்டுட்டேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாக வாசித்தாள். "'வாங்கப்பட்டால் ஜன்னலோர இடம் மனைவிக்கு.' தேதி இருக்கு. கையெழுத்து உங்களதுதானே? கெடு, ஆயுள்." திரும்பினாள். "எழுந்திரிங்க."

தன் கையெழுத்தைத் தானே சந்தேகப்பட முடியுமா? எழுந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, உயரத்தை இரண்டு திருகு குறைத்து, வண்டியைக் கிளப்பினாள். அவர் அடுப்படியிலிருந்து முக்காலியை எடுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஒரு மலை ஏறி இறங்கும்வரை பொறுத்துப் பார்த்தார்.

"ஹாரனாவது நான் அடிக்கட்டுமா?"

"வளைவு வரும்போது சொல்றேன்," என்றாள்.

ஒன்பது வருஷம் அவர் அந்த முக்காலியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். சொன்னபோது மட்டும்.

அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. மாதம் ஒருமுறை அவர் மூடியைக் கழற்றித் தூசி ஊதி, சீட்டில் தேதி போடுகிறார். ஈரத்துணி கிட்டே வருவதில்லை. சில சாயங்காலங்களில் 'புதன்' என்ற பெயரைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று காலையில் அவள் மலைப்பாதையில் ஓரமாக நிறுத்திய வண்டி விட்ட இடத்திலேயே நிற்கிறது, பின்னால் பதினெட்டு டன் ஜன்னல் கண்ணாடி, மேலே மரம். வண்டிக்கு நூறு அடி முன்னால் ஒரு வளைவு இருக்கிறது.